அனுப்பாமல் விட்ட விண்ணப்பம்

போன மாதம் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரியில் சேர இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன. "ஸ்காலர்ஷிப்புக்கு எல்லாம் போட்டாச்சா?" என்று கேட்டேன். "ஒண்ணு ஆரம்பிச்சேன் சித்தி" என்று லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். பெயர், பிறந்த தேதி, பள்ளி, மார்க், குடும்ப வருமானம் எல்லாவற்றையும் நிரப்பி, கட்டுரைப் பகுதியில் இரண்டு பத்தியும் எழுதி, அப்படியே விட்டிருந்தாள். கடைசித் தேதி முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. ஏன் அனுப்பவில்லை என்று கேட்டதற்கு, "எனக்கெல்லாம் எங்க சித்தி கிடைக்கப் போகுது" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அவளைப் போன்றவர்களை நான் வருடா வருடம் பார்க்கிறேன், முகம் மட்டும் தெரியாது. ஐந்து வருடமாக ஒரு சிறிய அறக்கட்டளைக்கு வரும் உதவித்தொகை விண்ணப்பங்களைப் படிக்கும் குழுவில் இருக்கிறேன். சம்பளம் கிடையாது, வேலை முடிந்து வந்து ராத்திரியில் படிப்போம். ஒவ்வொரு முறையும் எங்களுக்கு வரும் பட்டியலில் இரண்டு எண்கள் இருக்கும். விண்ணப்பத்தை ஆரம்பித்தவர்கள் இத்தனை பேர், அனுப்பியவர்கள் இத்தனை பேர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளி என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவ்வளவு பேர் உட்கார்ந்து, தேடி, பாதி வரை வந்து, நின்றுவிடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் தகுதி இல்லாதவர்களாக இருந்திருப்பார்கள்? நான் படித்த வரையில், அனுப்பியவர்களைவிட அனுப்பாதவர்கள் மட்டமாக இருந்திருப்பார்கள் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை.

இதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. அமெரிக்காவில் கல்லூரிக்கான அரசு உதவி பெற ஃபாஃப்சா என்ற ஒரு நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். 2008-ல் ஒஹாயோவிலும் வட கரோலினாவிலும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய எச் அண்ட் ஆர் பிளாக் அலுவலகங்களுக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களை வைத்து எரிக் பெட்டிங்கரும் பிரிட்ஜெட் டெர்ரி லாங்கும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். வரிக் கணக்குக்காகக் கொடுத்த விவரங்களையே எடுத்து, அங்கேயே உட்காரவைத்துச் சில நிமிடங்களில் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு உதவி எவ்வளவு கிடைக்கும் என்ற தகவலை மட்டும் சொல்லி, நீங்களே நிரப்புங்கள் என்று அனுப்பினார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, படிவம் நிரப்பிக் கொடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளில் 36 சதவீதம் பேர் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பை முடித்திருந்தார்கள். எந்த உதவியும் பெறாத குழுவில் அது 28 சதவீதம். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை. 2012-ல் வெளியான இந்த ஆய்வில் என்னை நிறுத்திவைத்தது அந்தக் கடைசி முடிவுதான். நாம் எல்லோரும் பிள்ளைகளுக்கு லிங்க் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம், "இதுக்குப் போட்டுப் பாரு" என்கிறோம், அதோடு நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால்தான் காரியம் நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015-ல் நன்றாகப் படிக்கும், வசதி குறைந்த மாணவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. உனக்கு இங்கே இடம் கிடைத்தால் நான்கு வருடமும் கல்விக் கட்டணம் இல்லை, எந்த உதவிப் படிவமும் நிரப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்தது. கடிதம் போகாதவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள், கடிதம் போனவர்களில் 68 சதவீதம் பேர். சேர்ந்தவர்கள் இருமடங்குக்கும் மேல் ஆனார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த உதவி எப்படியும் கிடைத்திருக்கும் என்பதுதான் இதில் மனதைப் பிசைகிற விஷயம். பணம் ஏற்கெனவே இருந்தது. 'உனக்குத்தான்' என்று முன்னாலேயே சொல்ல யாரும் இல்லை.

அதனால் இந்தப் பதிவை அக்கா மகளுக்கு எழுதுவது போலவே எழுதுகிறேன். அவளை மாதிரி பாதியில் நிற்பவர்கள் யாராவது படித்தால் நல்லது, அவர்கள் பக்கத்தில் உட்காரப்போகிற அண்ணன், அத்தை, டீச்சர் யாராவது படித்தால் இன்னும் நல்லது.

முதலில் சொற்களைப் பிரித்துப் பார்த்துவிடுவோம், இங்கேதான் நிறையக் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. கிராண்ட் என்பது பெரும்பாலும் குடும்பத்தின் தேவையைப் பார்த்துக் கொடுப்பது, திருப்பித் தர வேண்டாம். அமெரிக்காவின் பெல் கிராண்ட் இதற்கு நல்ல உதாரணம். 1972-ல் வேறு பெயரில் ஆரம்பித்து, 1980-ல் செனட்டர் கிளேபோர்ன் பெல்லின் பெயரைப் பெற்றது, மார்க் போட்டியே கிடையாது, வருமானம்தான் கணக்கு. ஸ்காலர்ஷிப் என்பது மார்க், திறமை, விளையாட்டு, சேரப் போகும் துறை, பிறந்த சூழல் என்று ஏதோ ஒரு தகுதியை வைத்துக் கொடுப்பது, இதையும் திருப்பித் தர வேண்டாம். கல்விக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும், வட்டியோடு. வேலை செய்துகொண்டே படிக்கும் திட்டங்களில் வேலை செய்தால்தான் பணம். இவை நான்கையும் ஒரே தாளில் வரிசையாகப் போட்டு, கீழே ஒரு பெரிய கூட்டுத்தொகையைக் காட்டி, "உங்களுக்கான நிதி உதவி" என்று கல்லூரிகள் கடிதம் அனுப்புகின்றன. அமெரிக்க அரசின் செலவுகளைத் தணிக்கை செய்யும் ஜிஏஓ அமைப்பு 2022-ல் இந்தக் கடிதங்களை ஆராய்ந்தபோது, சுமார் 91 சதவீதக் கல்லூரிகள் மாணவர் உண்மையில் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையைக் குறிப்பிடவே இல்லை, அல்லது குறைத்துக் காட்டியிருந்தன.

அதனால் கடிதம் வந்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவை மேலே எழுதுங்கள். மொத்தச் செலவு என்றால் கட்டணம் மட்டும் போதாது, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாமும் சேர்த்து. திருப்பித் தர வேண்டாத பணத்தை மட்டும் அதிலிருந்து கழியுங்கள். மீதி வருவதுதான் அந்தக் கல்லூரியின் உண்மையான விலை. கடனைக் கழிக்கவே கூடாது, அது பின்னால் நீங்கள் கட்டப்போகிற பணம். இரண்டு கல்லூரிகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அதிக "உதவி" கொடுத்த கல்லூரியே அதிகச் செலவு வைப்பதாக இருக்கலாம். நான் அப்படி இரண்டு மூன்று பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன், அப்பாக்களின் முகம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன்.

எங்கே தேடுவது? எல்லோரும் முதலில் போவது பெரிய தேடுதளங்களுக்கு, அங்கே ஆயிரக்கணக்கில் பட்டியல் வரும், அதைப் பார்த்தே களைத்துப்போவார்கள். என் யோசனை தலைகீழானது. பெரிய பணம் பெரும்பாலும் அரசிடமும், நீங்கள் சேரப்போகிற கல்லூரியிடமும்தான் இருக்கிறது, அந்த இரண்டையும் முழுசாக முடித்துவிட்டு வெளியே வாருங்கள். கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கு நேரில் போயோ போனிலோ, "என் துறைக்கு என்று தனியாக ஏதாவது இருக்கிறதா" என்று கேளுங்கள். துறை அளவில் முன்னாள் மாணவர்கள் வைத்த சின்னச் சின்ன நிதிகள் இருக்கும், இணையதளத்தில் ஒரு மூலையில்கூட அவை இருக்காது. அப்புறம் அப்பா அம்மா வேலை செய்யும் இடம், அவர்களுடைய தொழிற்சங்கம், உங்கள் பள்ளி, உங்களுக்கு ஏதாவது உடல் குறைபாடு இருந்தால் அதற்கான அமைப்புகள். குறுகலான நிபந்தனை உள்ளதாகப் பார்த்துத் தேடுங்கள். நிபந்தனை குறுகக் குறுக, போட்டிக்கு வரும் ஆட்களும் குறைவார்கள். எங்கள் அறக்கட்டளையிலேயே ஒரு பிரிவுக்கு ஒரு வருடம் மூன்றே மூன்று விண்ணப்பங்கள் வந்தன.

விண்ணப்பக் கட்டணம் கேட்டால் விலகி நில்லுங்கள். "கட்டாயம் கிடைக்கும், இல்லாவிட்டால் பணம் வாபஸ்", "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், தொகையை விடுவிக்க இந்தச் சிறு கட்டணம் மட்டும்" என்று சொல்கிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, மோசடி. நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லாத ஒரு பரிசு உங்களைத் தேடி வராது. வங்கிக் கணக்கு விவரத்தை எழுத்துப்பூர்வமான தேர்வுக் கடிதம் வந்து, கொடுக்கிறவர் யார் என்று நீங்களே சரிபார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

காலம் பற்றி ஒரே ஒரு விஷயம். நீங்கள் நினைப்பதைவிட ரொம்ப முன்னாலேயே இது ஆரம்பித்துவிடும். பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் உதவித்தொகைக்கு ஆகஸ்டில் விண்ணப்பம் திறந்தால், படிப்பு தொடங்குவது அடுத்த வருடம் செப்டம்பர் வாக்கில். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் தூதரகம் வழியாகப் போவது, பல்கலைக்கழகம் வழியாகப் போவது என்று இரண்டு பாதைகள் உண்டு. தூதரகப் பாதையும் ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே ஆரம்பித்துவிடும். கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பாதிக் கதவுகள் அதற்குள் மூடியிருக்கும்.

படிவம் நிரப்புவது அலுப்பான வேலைதான், ஆனால் இதில் புத்திசாலித்தனம் தேவையில்லை, பொறுமை போதும். எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் கம்ப்யூட்டர் உங்களை மூன்று ஆட்களாக நினைக்கும். ஸ்கேன் செய்ததைத் திறந்து, எழுத்து படிக்க முடிகிறதா என்று நீங்களே பாருங்கள். கறுப்பாக, பாதி வெட்டுப்பட்டு, தலைகீழாக வந்த சான்றிதழ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு சிறிய குழு என்பதால் நாங்கள் போன் போட்டுத் திரும்பக் கேட்போம். பெரிய அமைப்புகளில் யாரும் கேட்க மாட்டார்கள், அப்படியே ஒதுக்கிவிடுவார்கள்.

வருமானம் கேட்கும் பக்கத்தில்தான் பலரும் நிற்கிறார்கள், அக்கா மகள் உட்பட. அதற்கு ஒரு காரணம் கூச்சம். வீட்டு நிலைமையை முகம் தெரியாத யாரோ படிப்பார்களே என்ற கூச்சம். படிக்கிறவளாக ஒன்று சொல்கிறேன், எங்களுக்கு அது ஒரு எண், அவ்வளவுதான். அதை வைத்து யாரையும் நாங்கள் தாழ்வாக நினைத்ததில்லை. இன்னொரு காரணம் நியாயமானது. படிவம் கேட்பது பழைய வருமானத்தை, வீட்டில் இருப்பது இன்றைய நிலைமை. அமெரிக்காவின் ஃபாஃப்சா 2017-18 கல்வியாண்டிலிருந்து இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதற்கு அப்புறம் அப்பாவுக்கு வேலை போயிருக்கலாம், அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கலாம், வீட்டில் ஒரு மரணம் நடந்திருக்கலாம். படிவத்தில் உள்ளதை உள்ளபடி நிரப்பிவிட்டு, கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதியில், இப்போது வருமானம் எவ்வளவு, அதற்கான ஆதாரம் என்ன. ஒரு பக்கம் போதும். அப்படி மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் அந்த அலுவலர்களுக்கு உண்டு, கேட்டால்தான் செய்வார்கள். கேட்பது தப்பு என்று நினைத்துப் பேசாமல் இருக்கும் குடும்பங்கள்தான் அதிகம்.

இனி பரிந்துரைக் கடிதம். இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் கல்லூரிக்குப் போன காலத்தில் ஒரு நல்ல உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். மார்க் இருந்தது, கட்டுரையும் நன்றாகத்தான் வந்திருந்தது. பரிந்துரைக்கு, எங்கள் துறையிலேயே பெரிய பெயர் உள்ள பேராசிரியரிடம் போய் நின்றேன். அவர் வகுப்பில் நான் எண்பது பேரில் ஒருத்தி. சரி என்றார். கடைசித் தேதிக்கு முந்தின நாள் வரை கடிதம் வரவில்லை. நினைவுபடுத்தப் பயம், அவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று தயங்கியே நாளைக் கடத்தினேன். கடிதம் இரண்டு நாள் தாமதமாகப் போனது, என் விண்ணப்பம் அரைகுறை என்று தள்ளுபடி ஆனது. அந்த வருடக் கட்டணத்துக்கு அம்மா பட்ட பாட்டை இன்று நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. அடுத்த வருடம் ஆய்வுக்கூடத்தில் எங்களோடு தினமும் நின்ற ஒரு இளம் ஆசிரியரிடம் கேட்டேன். பதவியில் சின்னவர். ஆனால் ஒரு பரிசோதனை நான்கு முறை தப்பாகப் போன பிறகு, ஐந்தாம் முறை எங்கே பிழை என்று நான் கண்டுபிடித்த அந்த மத்தியானத்தை அவர் பார்த்திருந்தார். அதைத்தான் எழுதினார் என்று பிறகு தெரிந்தது. கிடைத்தது.

இன்று கடிதங்களைப் படிக்கும் இடத்தில் இருந்து பார்க்கும்போது அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. "இவர் ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவர்" என்று நான்கு வரியில் முடியும் கடிதங்கள், மேலே எவ்வளவு பெரிய பதவியின் முத்திரை இருந்தாலும், எங்களுக்கு எதையும் சொல்வதில்லை. உங்களை ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஒரு வேலையில் உற்றுப் பார்த்தவரிடம் கேளுங்கள். குறைந்தது நான்கு வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே ஒரு பக்கத்தில் விவரம் கொடுங்கள்: இது எந்த உதவித்தொகை, கொடுப்பவர் எதைத் தேடுகிறார், கடைசித் தேதி என்ன, எந்த லிங்கில் ஏற்ற வேண்டும், அவர் வகுப்பில் நீங்கள் செய்த எந்த வேலை அவருக்கு ஞாபகம் இருக்கக்கூடும். ஒரு வாரம் முன்பு ஒரு முறை, மூன்று நாள் முன்பு ஒரு முறை நினைவுபடுத்துங்கள். ஆசிரியர்கள் இதைத் தொந்தரவாக நினைப்பதில்லை, அவர்களுக்கும் ஆயிரம் வேலை.

கட்டுரைக்கு வருவோம், இங்கே நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப்போகிறேன்.

ஒவ்வொரு உதவித்தொகைக்கும் பின்னால் ஒருவரோ ஒரு அமைப்போ இருக்கிறது, அவர்களுக்கு ஒரு ஆசை இருக்கிறது. அந்த ஆசை நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கும். ஃபுல்பிரைட் திட்டம் 1946-ல், போர் முடிந்த கையோடு வந்தது. வெளிநாடுகளில் மிஞ்சிக் கிடந்த அமெரிக்கப் போர்த் தளவாடங்களை விற்ற பணத்தில் மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பலாம் என்று செனட்டர் ஃபுல்பிரைட் யோசித்ததன் விளைவு. நாடுகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் வேரிலேயே இருக்கிறது, அதனால் "எனக்கு மார்க் நன்றாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அது கேள்விக்குப் பதிலே ஆகாது. செவ்னிங் வாங்கியவர்கள் படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போய்க் குறைந்தது இரண்டு வருடம் அங்கே இருக்க வேண்டும், ஆகவே திரும்பிப் போய் என்ன செய்வீர்கள் என்பதுதான் அங்கே முக்கியம். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கக் கொடுக்கும் ரோட்ஸ் உதவித்தொகை, 1902-ல் இறந்த ஒருவரின் உயிலில் இருந்து பிறந்தது. படிப்போடு குணம், தலைமை எல்லாவற்றையும் அந்த உயில் கேட்டது, பெண்களைச் சேர்க்கவில்லை, 1977-ல்தான் பெண்களுக்கு அந்தக் கதவு திறந்தது. நிபந்தனை என்பது வெறும் சட்ட வாசகமாக இருப்பதில்லை, கொடுப்பவரின் மனசு, அதில் உள்ள நல்லதும் குறையும் எல்லாம் அங்கேதான் இருக்கும். சின்ன அறக்கட்டளைக்கும் இதே கதைதான். எங்களுடையதை ஆரம்பித்தவர் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவர். அது எங்கள் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு எழுதுபவர்கள் யார், ஒரே கட்டுரையைப் பத்து இடத்துக்கு அனுப்புபவர்கள் யார் என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் கஷ்டத்தை எழுதுவது. இதைப் பற்றிப் பேச எனக்கே தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கட்டுரை என்றாலே தன் வாழ்வின் மிக மோசமான நாளை எடுத்து வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளை தன் அப்பாவின் சாவை 500 சொல்லில் விவரித்து எழுதியதைப் படித்துவிட்டு, நான் எழுந்து வெளியே போய் நின்றிருக்கிறேன். அது எங்களுக்குத் தேவைப்படவில்லை, அந்தப் பிள்ளையை அதை எழுத வைத்ததே தவறு என்று இன்றும் நினைக்கிறேன். சொல்ல விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், யாரும் தடுக்கவில்லை. விருப்பம் இல்லையென்றால், "என் பதினான்காம் வயதில் அப்பா இறந்தார், அதன் பிறகு அம்மாவின் வருமானத்தில்தான் வீடு நடக்கிறது" என்ற ஒரு வாக்கியம் போதும். தேவையைக் காட்ட வருமானப் பக்கம் இருக்கிறது. கட்டுரை நீங்கள் என்ன செய்கிறீர்கள், எப்படி யோசிக்கிறீர்கள் என்று காட்டுவதற்கு.

எனக்கு மறக்காத ஒரு கட்டுரை உண்டு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பள்ளி முடிந்து மாலையில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்த பையன். கஷ்டம் என்ற சொல்லே கட்டுரையில் இல்லை. அடிக்கடி வெளியே போகும் பெட்டிகளைக் கதவருகே வைக்காமல் கடைசியில் அடுக்கியிருந்ததை அவன் கவனித்திருக்கிறான், ஒரு நோட்டில் இரண்டு வாரம் எது எத்தனை முறை போகிறது என்று குறித்திருக்கிறான், மேற்பார்வையாளரிடம் காட்டியிருக்கிறான், முதலில் அவர் கேட்கவில்லை, மூன்றாம் முறை ஒரே ஒரு வரிசையை மட்டும் மாற்ற ஒத்துக்கொண்டிருக்கிறார். இதைத்தான் எழுதியிருந்தான், கடைசியில் தொழிற்சாலைப் பொறியியல் படிக்க ஆசை என்று ஒரு வரி. படித்து முடித்ததும் எங்கள் குழுவில் ஐந்து பேருக்கும் அந்தப் பையனைத் தெரியும் போல இருந்தது. அவனுக்குப் பெரிய விருது எதுவும் இருக்கவில்லை.

ஆகவே பொன்மொழியோடு ஆரம்பிக்காதீர்கள். "சிறு வயது முதலே" என்றும் வேண்டாம். கேட்ட கேள்விக்கு முதல் பத்தியிலேயே பதில் சொல்லுங்கள். சொல் வரம்பை மீறாதீர்கள். இப்போது நிறையக் கட்டுரைகள் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்தவையாக வருகின்றன, வழவழப்பாக இருக்கின்றன, பத்தைப் படித்தால் பத்தும் ஒரே ஆள் எழுதியது போல இருக்கிறது. பிழையோடு இருந்தாலும் உங்கள் கிடங்கு, உங்கள் நோட்டு, உங்கள் இரண்டு வாரம் இருக்கட்டும். எழுதியதை ஒரு நாள் விட்டு, சத்தமாகப் படித்துப் பாருங்கள், பிழை திருத்த மட்டும் ஒருவரிடம் கொடுங்கள்.

நேர்காணல் இருந்தால், உங்கள் விண்ணப்பத்தை முந்தின நாள் திரும்பப் படித்துவிட்டுப் போங்கள். கேள்விகள் அதிலிருந்துதான் வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்.

கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது ஒரு வருடத்துக்கா, படிப்பு முழுக்கவா? புதுப்பிக்க எவ்வளவு மார்க் வேண்டும், எத்தனை பாடம் எடுத்திருக்க வேண்டும்? என் தோழி ஒருத்தி முதல் வருடம் உடம்பு சரியில்லாமல் ஒரு பாடத்தைக் கைவிட்டாள், மார்க் எல்லாம் நன்றாக இருந்தும் பாட எண்ணிக்கை குறைந்ததால் உதவித்தொகை நின்றுபோனது. பாடத்தை விடுவதற்கு முன் ஒரு போன் பண்ணியிருந்தால் வேறு வழி சொல்லியிருப்பார்கள். பணம் எப்போது வரும்? கட்டணத்துக்கான கடைசித் தேதி முதலில் வந்துவிட்டு, உதவிப்பணம் இரண்டு மாதம் கழித்து வருவது சாதாரணமாக நடக்கிறது. தேர்வுக் கடிதத்தைக் காட்டிக் கல்லூரியில் அவகாசம் கேளுங்கள். கடைசியாக, வெளியே வாங்கிய உதவித்தொகையைக் காரணம் காட்டிக் கல்லூரி தான் தருவதாகச் சொன்ன உதவியைக் குறைக்குமா? இப்படி நடக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. மாணவர் ஓடியாடிச் சம்பாதித்த பணம் கடைசியில் கல்லூரியின் செலவைத்தான் குறைக்கிறது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2017-ல் தன் அரசுக் கல்லூரிகளில் இதைக் கட்டுப்படுத்தி முதன்முதலாகச் சட்டம் கொண்டுவந்தது. அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில், "மானியத்தைக் குறைப்பதற்குப் பதிலாக என் கடன் பங்கைக் குறையுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், சில கல்லூரிகள் ஒத்துக்கொள்கின்றன. வரி விஷயமும் உண்டு. அமெரிக்காவில் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி வருமானமாகக் கணக்காகும்.

கிடைக்கவில்லை என்றால், என்ன குறை என்று பணிவாக ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். சிலர் பதில் சொல்வார்கள், நாங்கள் சொல்கிறோம். அதே விண்ணப்பத்தைத் திருத்தி அடுத்த வருடம் அனுப்பியவர்களுக்கு நாங்கள் கொடுத்திருக்கிறோம். முதலாம் ஆண்டில் கிடைக்காதவர்கள் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கானவற்றைத் தேடவே மறந்துவிடுகிறார்கள், அங்கே கூட்டம் குறைவு. எல்லாச் சான்றிதழ்களையும், எழுதிய கட்டுரைகளையும், யாரிடம் எப்போது பரிந்துரை கேட்டோம் என்ற குறிப்பையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தால் இரண்டாவது விண்ணப்பம் பாதி நேரத்தில் முடியும்.

அக்கா மகள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அறக்கட்டளைக்கு அவள் விண்ணப்பிக்க முடியாது, நான் குழுவில் இருப்பதால் அது சரியில்லை. வேறு இரண்டைத் தேடி எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரும்பாலும் நான் எதுவும் செய்யவில்லை, அவள் நிறுத்தும்போது "அடுத்து என்ன கேட்டிருக்கு, படி" என்று மட்டும் சொன்னேன். வருமானப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம் நிரப்பினாள். கட்டுரைக்கு, தம்பிக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க அவள் உருவாக்கிய அட்டைகளைப் பற்றி எழுதலாமா என்று அவளே கேட்டாள். இயற்பியல் ஆசிரியை பரிந்துரை எழுத ஒத்துக்கொண்டிருக்கிறார். கடைசித் தேதிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. அப்பாவின் சம்பளச் சான்று மட்டும் வரவில்லை, அதற்காக அக்காவும் அவளும் நாளைக் காலையில் அவர் அலுவலகத்துக்குப் போகிறார்கள்.